கட்டைவிரல் கேட்காத கல்வி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் மாகறல். ஞானசம்பந்தரின் பாடல் பெற்ற பதி என்று பெருமை பேசுவோர் அங்கு உண்டு. பொன்னிற உடும்பொன்றை மன்னன் துரத்தினான், அது புற்றிலே புகுந்தது, அங்கே இறைவன் வெளிப்பட்டான், மன்னன் கோயில் எழுப்பினான் என்று கதை சொல்வோரும் உண்டு. துரத்திய மன்னனுக்குப் புகழ் உண்டு. துரத்தப்பட்ட உடும்புக்கும் கதை உண்டு. ஆனால், அந்தக் கோயிலுக்குக் கல்லைப் பிளந்தவன் எவன்? பிளந்த கல்லைச் சுமந்தவன் எவன்? சுமந்த கல்லிலே உளியால் உயிர் கொடுத்தவன் எவன்? பெயர் சொல்ல ஓர் ஆளில்லை! உடும்புக்குக் கிடைத்த இடங்கூட உழைப்பாளிக்குக் கிடைக்கவில்லை, அந்தத் தலபுராணத்திலே!

அந்த மாகறலுக்குச் சென்ற மாதம் சென்றிருந்தோம். தேநீர்க் கடை விசுப்பலகையில் அமர்ந்து நண்பர்களோடு உரையாடிக் கொண்டிருந்தபோது, பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருவர் வந்தார். அவர் கையிலே வண்ண வண்ணமாய் ஒரு துண்டறிக்கை. கலை, வடிவமைப்பு, பொறியியல் மூன்றையும் ஒன்றுசேர்க்கும் மாணவர் மன்றம் ஒன்று தம் கல்லூரியில் தொடங்கப்பட்டிருப்பதாகவும், அதன் முதற் கண்காட்சி முடிந்துவிட்டதாகவும் சொன்னார். மகிழ்ச்சியோடுதான் சொல்லத் தொடங்கினார். முடிக்கும்போது முகம் வாடிவிட்டது.

"அண்ணா, பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கிற எங்கள் மாமாவைக் கண்காட்சிக்கு அழைத்துப் போனதே நான்தான். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தறியை வைத்து அவரை உட்காரச் சொன்னார்கள். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூட அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. திரும்பி வரும்போது மாமா கேட்டார், 'என்னை எதுக்கும்மா கூப்பிட்டாங்க?' என்று. எனக்குப் பதில் தெரியவில்லை."

கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. அது ஒரு கல்லூரியின் குற்றமும் அன்று. அந்த நெசவாளர் கேட்ட கேள்விக்கு விடை காணாமல், கலையையும் பொறியியலையும் இணைக்கிறோம் என்று எந்தக் கல்லூரி பறைசாற்றினாலும், அந்தப் பறையின் ஓசை நம் செவிக்கு இனிக்காது. ஆகவே இந்தப் புதிய படிப்புகளையும் மன்றங்களையும் திறனாய்வு செய்ய முற்படுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்த இணைப்பை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். வழவழப்பான ஏடுகளிலே வாய்பாடுகளை மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளிலே கொட்டிவிட்டு, திருகாணி ஒன்றைத் திருப்பத் தெரியாமல் வெளியேறும் பட்டதாரியை உருவாக்கும் கல்வியைக் காட்டிலும், வரையவும் வனையவும் செய்து பார்க்கவும் சொல்லித் தரும் கல்வி ஆயிரம் மடங்கு மேல். பானை வனைகிறவன் அழகை ஒரு நாள், உறுதியை மறுநாள், பயனை அதற்கடுத்த நாள் என்று பிரித்தா வனைகிறான்? மூன்றும் ஒரே சுழற்சியில், ஒரே விரலழுத்தத்தில் பிறக்கின்றன. இணைந்திருந்ததைப் பிரித்தது யார் என்பதே வினா.

மேலை நாட்டாருக்கும் இந்த வினா எழுந்தது. செர்மனியின் வைமார் நகரில் 1919ஆம் ஆண்டு வால்ட்டர் குரோப்பியசு என்ற கட்டடக் கலைஞர் பௌகவுசு என்னும் பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் வடிவம் கற்பிக்கும் கலைஞர். மற்றவர் கைவேலை கற்பிக்கும் தொழில் வல்லுநர். மரவேலை தெரிந்தவர் அங்கே காட்சிப் பொருளாக வைக்கப்படவில்லை, ஆசிரியராக அமர்த்தப்பட்டார். அந்தப் பள்ளியிலும் குறை இருந்தது. சேர்ந்த பெண்களுள் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே ஒதுக்கினர். ஒதுக்கப்பட்ட அந்தப் பட்டறையிலிருந்தே குந்தா ஸ்டோல்சல் என்ற பெண்மணி அதன் தலைமைக்கு உயர்ந்தார் என்பது வரலாறு. நாசிக் கொடுங்கோலரின் நெருக்குதலால் 1933இல் பள்ளி மூடப்பட்டது. ஆனால், கலைஞனும் கைவினைஞனும் ஒரே பட்டறையில் சமமாக நின்று கற்பிக்க முடியும் என்ற உண்மையை அவர்களால் மூட முடியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1794ஆம் ஆண்டு எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரி ஆயிற்று. அதே சென்னையில் 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் அண்டர் என்ற மருத்துவர் ஓவியத்துக்கும் கைத்தொழிலுக்குமாக ஒரு பள்ளி தொடங்கினார். அதுவே இன்று எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி. ஒரே நகரம், இரண்டு வாசல்கள். ஒரு வாசலில் அளவுகோல்; மறு வாசலில் தூரிகை. இரண்டுக்கும் இடையே சுவர்.

அந்தச் சுவரில் ஒருமுறை ஒரு கதவு திறந்தது. சென்னைப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர், 1898இல் அந்தக் கலைப் பள்ளியிலேயே அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கைகள் புதிய உலோகத்தைத் தட்டி வடித்தன. பொறியாளரின் அறிவும் கன்னாரின் கையும் கலைப் பள்ளியின் கூரையின் கீழ் சந்தித்தன. பின்னர் அது தனியார் நிறுவனமாக மாறிப் பெரிய தொழிலாயிற்று. கைத்தறி, தோல் பதனிடுதல் முதலியவற்றிலும் அவர் ஆய்வுகள் செய்தார். ஆனால், அரசே தொழிலில் இறங்கலாமா என்று வணிகர் கூக்குரலிட்டனர். 1910இல் இலண்டனிலிருந்த இந்தியா அமைச்சர் மார்லி பிரபு, அரசு கற்பிக்கலாம், தொழில் நடத்தலாகாது என்று கட்டளையிட்டார். திறந்த கதவு மீண்டும் சாத்தப்பட்டது.

ஆகவே, இந்த இணைப்பு இன்று நேற்று முளைத்த புதுமையன்று. தமிழ் மண்ணில் அதற்கு ஒன்றேகால் நூற்றாண்டு வயது. துண்டறிக்கை அச்சிடும் தோழர்கள் இதைத் தெரிந்துகொண்டால், வேறெங்கோ பிறந்த புதுக் கருத்தை இரவல் வாங்குவதாக எண்ணிக் கூச வேண்டியதில்லை. தாமே கண்டுபிடித்ததாக எண்ணிக் குதிக்கவும் வேண்டியதில்லை.

ஆனால், வெள்ளைக்காரன் வைத்த சுவர் பிந்தையது. அதற்கு முன்பே, அதைவிடக் கெட்டியான சுவர் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. அதைக் காண வேண்டுமானால் மாகறலிலிருந்து தெற்கே உத்திரமேரூருக்குச் செல்லுங்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருக்கின்றன. குடவோலை முறையைக் கூறும் அந்தக் கல்வெட்டுகளைக் காட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்களாட்சி கண்டோம் என்று மார்தட்டுகிறோம். தட்டுங்கள், தவறில்லை. ஆனால் படித்துவிட்டுத் தட்டுங்கள்!

ஓலையிலே பெயர் எழுதப்படுவதற்குத் தகுதி என்ன? இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதமும் மந்திரமும் கற்றிருக்க வேண்டும். அந்தச் சபையில் ஏரி வாரியம் என்று ஒரு குழு உண்டு. ஏரியை மேற்பார்க்கும் குழு! அந்த ஏரியை வெட்டியவனுக்கு நீரின் போக்குத் தெரியும். கரையின் சரிவு தெரியும். மதகின் அடைப்புத் தெரியும். வேதம் தெரியாது. ஆகவே, அவன் பெயர் குடத்திற்குள் விழாது. ஏரியறிவு ஏரி வாரியத்துக்குத் தகுதியன்று. மந்திர அறிவே தகுதி! கையும் கருத்தும் பிரிந்த இடம் எது என்று கேட்டோமே, கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் விடையை. அந்த எழுத்தைக் கல்லிலே வெட்டியவனும் அந்தச் சபையில் அமர முடியாதவனே!

இதுதான் சாதியின் தொழிற்கொள்கை. செய்கிறவன் சிந்திக்கலாகாது; சிந்திக்கிறவன் செய்யலாகாது. செய்கிறவனுக்கு மதிப்பில்லாததால் சிந்தனை அவன் பட்டறையை எட்டவில்லை. செய்யாதவன் சிந்தித்ததால் அந்தச் சிந்தனை சாத்திரமாய் உறைந்தது. நட்டம் இருவருக்கும், நட்டம் நாட்டுக்கு. கலை, வடிவமைப்பு, பொறியியல் மூன்றையும் இணைக்கிறோம் என்று சொல்லும் கல்லூரி, தான் அறிந்தோ அறியாமலோ, இந்தச் சுவரின் மேல்தான் கை வைக்கிறது. சுண்ணாம்பைச் சுரண்டி வண்ணம் பூசிவிட்டுப் போய்விடுமா, செங்கல்லைப் பெயர்க்குமா என்பதே நாம் காண விரும்புவது.

இந்த இடத்தில் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். "கைத்தொழிலைக் கல்வியோடு இணைக்க வேண்டும் என்று இராசகோபாலாச்சாரியார் 1953இல் திட்டம் கொண்டுவந்தபோது, குலக்கல்வி, குலக்கல்வி என்று கொதித்தெழுந்தீர்களே! இன்று கல்லூரியிலே அதையே செய்தால் வரவேற்பு வாசிக்கிறீர்களே! இது முரணன்றோ?" என்பார்கள்.

முரணில்லை. அன்று எதிர்த்தது கையை அன்று, பிறப்பை. சிற்றூர்ப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரம் தகப்பன் தொழில் என்றது அந்தத் திட்டம். சிரைப்பவர் மகனுக்குக் கத்தி. வெளுப்பவர் மகனுக்கு வெள்ளாவி. பானை செய்பவர் மகனுக்குச் சக்கரம். எதைக் கற்கலாம் என்று பிள்ளையைக் கேட்கவில்லை. பிறந்த வீட்டைக் கேட்டார்கள். நாடு எதிர்த்தது, ஆச்சாரியார் பதவி விலகினார், 1954இல் காமராசர் ஆட்சி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மாகறலில் நம்மிடம் பேசிய மாணவி பொறியியல் படிக்கிறாரே, அந்தப் படிப்புக்குப் போன வழியின் முதற் கல் அன்று நடப்பட்டது.

பிறப்பால் கிடைத்த உளி சங்கிலி. விரும்பி எடுத்த உளி கருவி. உளி ஒன்றே, எடுத்த விதமே வேறு. இந்த வேறுபாடு தெரியாதவர்களே முரண் என்பார்கள். இந்த வேறுபாடு இன்றும் உயிரோடிருக்கிறது. ஒன்றிய அரசு 2023இல் விசுவகர்மா திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பதினெட்டுத் தொழில்கள், பதினெட்டு வயது முதல் சேரலாம், குடும்பத் தொழிலாக, குரு சீடர் முறையில் வந்த தொழிலுக்கு ஊக்கம் என்றது. தமிழ்நாடு அரசு 2024இல் அதை ஏற்க மறுத்து, சாதி பாராத, முப்பத்தைந்து வயது கடந்தோர்க்கான கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. பதினெட்டு வயதில் ஏட்டை மூடிக் குலத்தொழிலுக்குப் போ என்று சொல்லாத வரையில் அது நன்று. ஆனால், அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, கையறிவையும் நூலறிவையும் ஒருங்கே தரும் கல்லூரியின் வாசல் திறந்திருக்கிறதா என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

வாசலைப் பார்ப்போம். 2007இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் உயர்கல்வி நிலையம் ஒன்று, தகவல் தொழில்நுட்பம், வடிவமைப்பு, உற்பத்தி என்ற மூன்று சொற்களையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. பெயரின் ஈற்றிலே காஞ்சிபுரம் என்றும் இருக்கிறது. ஆனால் அது இருப்பதோ வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையில், மேலக்கோட்டையூரில். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பின்பு, காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அது இல்லை. பெயரில் மட்டுமே காஞ்சி! ஆயினும் பெயருக்கு ஏற்ற பாடத்திட்டம் அங்கு உண்டு என்பதை மறைக்க மாட்டோம். கணிப்பொறி படிக்கிறவரும், மின்னணு படிக்கிறவரும், இயந்திரம் படிக்கிறவரும் வடிவமைப்புப் பாடங்களைச் சேர்த்தே படிக்கிறார்கள். பட்டறையில் செய்து பார்க்கிறார்கள். பாராட்டுகிறோம். பெயரிலிருக்கும் காஞ்சி பாடத்திலும் இருக்க வேண்டாமா என்று மட்டும் கேட்கிறோம்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் வடிவமைப்புக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மாணவர் மன்றங்கள் தம் எண்ணத்தைப் பொருளாக்கிப் பார்க்கும் மையமும் இருக்கிறது. 2025-26 கல்வியாண்டு முதல், கலையில் சிறந்தோர்க்கு ஒவ்வோர் இளநிலைப் பட்டப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள் என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் அந்த இடத்தைப் பெற அரசு அமைப்புகள் தந்த பரிசுகளும் சான்றிதழ்களும் கொண்டுவர வேண்டும். கடினமான நுழைவுத் தேர்விலும் தேற வேண்டும். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டவும் பரிசு வாங்க ஊர் ஊராய் அழைத்துச் செல்லவும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டும். தறிமேடைப் பிள்ளையின் விரலிலே இருக்கும் கலைக்குச் சான்றிதழ் தருபவர் யார்?

இன்னொன்று. இளநிலை வடிவமைப்புப் பட்டத்துக்கு 2015 முதல் அனைத்திந்திய நுழைவுத் தேர்வு ஒன்று நடக்கிறது. பொறியியல் நுழைவுத் தேர்வின் முதற்கட்டத்தையாவது 2021 முதல் தமிழில் எழுதலாம். வடிவமைப்புத் தேர்வின் வினாத்தாளோ ஆங்கிலத்தில் மட்டுமே! கோடு வரைவதற்கு எந்த மொழி வேண்டும்? கண்ணும் கையும் கற்பனையும் வேண்டும். அந்த மூன்றையும் சோதிக்கும் தேர்வின் வாசலில் ஆங்கிலத்தைக் காவல் நிறுத்தினால், கோலம் போட்டுக் கணக்கறிந்த சிற்றூர்ப் பெண் திரும்பிப் போவாள். கோலத்தைப் படமெடுத்துக் கட்டுரை எழுதத் தெரிந்தவர் உள்ளே போவார்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளரை நேரில் கண்டோம். அவரிடம் யாரும் கேட்காத கேள்வியை நாம் கேட்டோம். "ஐயா, தறியில் உங்களுக்குக் கடினமானது எது?" அவர் சற்றே வியந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "கோர்வைதான் தம்பி. ரெண்டு ஆள் வேலை அது. எதிர்ப்பக்கம் ஒரு ஆள் இல்லாம ஒண்ணும் ஓடாது."

கோர்வை என்பது என்ன? காஞ்சிப் பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டின் ஊடை இழைகளும் தனித்தனியே ஓடி, சேரும் இடத்தில் ஒன்றையொன்று பிணைந்துகொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள்: இரு கரைகளுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. நெசவாளர் ஒரு பக்கம். மறு பக்கத்துக் கரை நாடாவை வீசித் தர இன்னொருவர். அந்த இன்னொருவர் யார்? பன்னெடுங்காலம் அது ஒரு சிறுவன், அல்லது சிறுமி. நெசவாளரின் சொந்தப் பிள்ளை. அல்லது முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட பிறர் பிள்ளை! பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையிலே காஞ்சிபுரமும் இடம்பெற்றது. திருமண மேடையில் பளபளக்கும் சேலையின் கரையிலே, பள்ளிக்குப் போகாத பிள்ளையின் பொழுது நெய்யப்பட்டிருந்தது!

தோழர்களே, வடிவமைப்பு வினா வேண்டுமா? இதோ இருக்கிறது! எதிர்ப்பக்கத்து ஆள் இல்லாமல், கோர்வையின் அழகு குலையாமல், கைத்தறியின் கைத்தன்மை கெடாமல், ஒருவரே நெய்வது எப்படி? கரை நேராய் நிற்க வேண்டும் என்பது கலை. நாடா தப்பாமல் ஓடித் திரும்ப வேண்டும் என்பது பொறியியல். நாள் முழுதும் குழியிலே காலைத் தொங்கவிட்டு அமர்கிறவரின் முதுகு நோகாமல் இருக்க வேண்டும் என்பது வடிவமைப்பு. மூன்றும் சந்திக்கும் இடம் இதைவிட வேறு எங்கே? அந்தத் தறியைத்தானே கண்காட்சியில் மேடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்! வினாத்தாளையே கொண்டுவந்து வைத்துவிட்டு, படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, அந்தோ!

தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியையும் எவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த அந்தப் பொறியில், அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி புகும், இல்லையேல் நிற்கும். அந்த அட்டையைக் கண்டே இங்கிலாந்தின் சார்லசு பாபேசு தம் கணக்கிடும் எந்திரத்துக்கு ஓட்டை அட்டையை எண்ணினார். கணிப்பொறியின் குலமுறையைத் தேடிப் போனால் தறிமேடைக்கு வந்து சேர்கிறோம். கணிப்பொறி மாணவனுக்கும் நெசவாளருக்கும் பேச ஒன்றுமில்லை என்றா நினைத்தீர்கள்?

இத்தகைய வினாவுக்கு விடை கண்டவர் இருக்கிறார். தெலுங்கு நாட்டில், இன்றைய தெலங்கானாவின் ஆலேர் வட்டாரத்தில் சிந்தகிண்டி மல்லேசம் என்ற நெசவாளர். போச்சம்பள்ளிச் சேலைக்குச் சாயமிடுவதற்குமுன் நூலை ஆணிகளிலே சுற்ற வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முறை கை மேலும் கீழும் போய்வர வேண்டும். அந்த வேலையைச் செய்த தாயின் தோள் வலியைக் கண்டவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், ஆண்டுக் கணக்கில் முயன்று 1999இல் அதற்கொரு பொறியை அமைத்து முடித்தார். தாயின் பெயரான இலட்சுமியை அதற்குச் சூட்டினார். 2017இல் அவருக்குப் பத்மசிறீ விருது கிடைத்தது. விருது தாமதமாய் வந்தது, போகட்டும். நாம் கேட்பது வேறு. கலையும் வடிவமைப்பும் பொறியியலும் அந்த ஒரு மனிதரிடம் ஒன்றுசேர்ந்தனவே, அவரை எந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது? கல்லூரியில் இயக்கக் கணக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தோள் வலி தெரிந்தவர் வெளியே இருந்தார். இருவரும் சந்தித்திருந்தால் அந்தத் தாயின் துன்பம் எத்தனை ஆண்டுகள் முன்னதாகத் தீர்ந்திருக்கும்!

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கைவினையைப் போற்றுகிறோம் என்ற பெயரில், சாத்திரம் முழுவதையும் தலைமேல் தூக்கிவைத்து ஆடும் கூட்டம் ஒன்று கல்லூரிகளுக்குள் நுழைகிறது. எச்சரிக்கை! கல்லின் ஓசை கேட்டு அதன் உட்பிளவை அறியும் சிற்பியின் செவி அறிவியல். சிலையின் உறுப்புகளைத் தாள அளவால் பகுக்கும் முறை வடிவமைப்பு. ஆனால், ஆயாதிக் கணக்கென்று சொல்லி, வீட்டின் நீள அகலம் உரிமையாளரின் பிறந்த மீனுக்குப் பொருந்தினால் செல்வம், பொருந்தாவிட்டால் கேடு என்பது அறிவியலும் அன்று, கலையும் அன்று, மடமை. மாமல்லபுரத்தில் 1957இல் தோன்றிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அங்கு பயிலும் இளைஞர்க்கு நாம் சொல்வது, உளியைப் பிடியுங்கள், சோதிடத்தை விடுங்கள் என்பதே. கையறிவையும் பகுத்தறிவு உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். பொன் நிற்கும், பூச்சு போகும்.

இனி, இந்தப் படிப்புகளுக்கும் மன்றங்களுக்கும் நாம் வைக்கும் அளவுகோல் என்ன? நான்கே கேள்விகள்.

கைவினைஞர் அங்கே காட்சிப் பொருளா, ஆசிரியரா? ஆசிரியர் என்றால் சம்பளம் எவ்வளவு? பட்டம் பெற்றவருக்கு ஒன்று, பட்டறையில் கற்றவருக்கு ஒன்று என்றால், சுவர் இடியவில்லை.

மாணவர் செய்த பொருளுக்கு மதிப்பெண் போடுவது யார்? கண்காட்சியில் கைதட்டுகிறவரா, ஒரு மாதம் அதை வைத்து வேலை செய்து பார்த்த தொழிலாளியா? தொழிலாளி கையில் வெல்லாத வடிவமைப்பு, தாளிலே வரைந்த வாழைப்பழம்.

உருவான பொருளில் எவர் பெயர் இருக்கும்? நெசவாளர் சொன்ன நுணுக்கத்தைக் கேட்டுக்கொண்டு, காப்புரிமை மட்டும் கல்லூரிக்கு என்றால், பெயரில்லாச் சிற்பியின் கதை மீண்டும் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கடைசியாக, நெசவாளர் வீட்டுப் பிள்ளை நெய்யாமலிருக்கவும், நெசவறியா வீட்டுப் பிள்ளை நெய்யவும் அங்கே உரிமை உண்டா? தறி மகளுக்கு மருத்துவம் பிடித்தால் மருத்துவம் படிக்கட்டும். அக்கிரகாரத்து மகனுக்குத் தறி பிடித்தால் குழியிலே இறங்கி அமரட்டும். அன்றைக்குத்தான் கைத்தொழில் உண்மையான கலையாகும். அதுவரையில் அது சிலருக்கு விதி; சிலருக்கு வேடிக்கை.

பாரதக் கதையிலே ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டான் துரோணன். அது ஒருவகைக் கொடுமை. கட்டைவிரலை வைத்துக்கொள், ஏட்டைத் தொடாதே என்றது சாதி. அது இன்னொரு வகை. கட்டைவிரலைக் கொஞ்சம் காட்டு, படமெடுத்துக்கொண்டு போகிறோம் என்கிறது இன்றைய கண்காட்சி. கொடுமை என்று சொல்ல மாட்டோம். ஆனால் கல்வி என்றும் சொல்ல மாட்டோம். கட்டைவிரலைக் கேட்காத கல்வி வேண்டும். அந்தக் கட்டைவிரல் என்ன சொல்கிறது என்று கேட்கும் கல்வி வேண்டும்.

மாகறலிலிருந்து புறப்படும்போது அந்த மாணவி கேட்டார். "மன்றத்தை விட்டு விலகிவிடலாமா அண்ணா?" விலக வேண்டாம் என்றோம். அடுத்த கூட்டத்துக்கு மாமாவை மீண்டும் அழைத்துச் செல்லுங்கள் என்றோம். தறியோடு அன்று, நாற்காலியில். அவர் பேசட்டும், மாணவர்கள் குறிப்பெடுக்கட்டும். கோர்வையின் கடினத்தை அவர் சொல்லி முடித்த பிறகு, யாராவது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, எதிர்ப்பக்கத்து நாடாவை நீங்களே வீச முடிந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டால் போதும். என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்ற அவர் கேள்விக்கு அந்த ஒரு கேள்வியே விடை.